விலை பேசிய எதிர்காலம்

1939 ஏப்ரல் 30 அன்று, நியூயார்க்கில் சாம்பல் கொட்டும் இடமாக இருந்த ஃப்ளஷிங் மெடோஸ் நிலத்தில் உலகக் கண்காட்சி திறக்கப்பட்டது. ‘நாளைய உலகம்’ என்பது அதன் மையக் கருத்து. கூட்டம் மணிக்கணக்கில் வரிசையில் காத்திருந்தது கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அமைத்த ‘ஃப்யூச்சராமா’வைக் காணத்தான். 1960ஆம் ஆண்டின் அமெரிக்கா இப்படித்தான் இருக்கும் என்று வடிவமைப்பாளர் நார்மன் பெல் கெடஸ் ஒரு மாதிரி உலகையே செய்து வைத்திருந்தார். ஐந்து லட்சம் கட்டடங்கள், பத்து லட்சம் மரங்கள், 50,000 குட்டிக் கார்கள். அவற்றில் 10,000 கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அதன் கறுப்பு வெள்ளைப் படங்களை உற்றுப் பாருங்கள். உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணம், கோபுரங்களின் நீண்ட நிழல், நடுவே 14 தடச் சாலை. விமானத்திலிருந்து எடுத்த உண்மையான நகரம் என்றே கண் நம்பிவிடுகிறது. இன்னும் பிறக்காத ஊருக்கு, இருக்கிற ஊரின் நம்பகத்தன்மையைக் கேமரா கொடுத்துவிட்டது. அதனால்தான் இப்படங்களைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இவை விளம்பரப் படங்கள்.

சொன்னது பலித்ததே என்று கேட்கலாம். 1956இல் அமெரிக்காவில் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது; 41,000 மைல் சாலைக்குத் திட்டமிட்டார்கள், செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்றது. ஆனால் அந்தத் திட்டத்துக்காக அதிபர் ஐசனோவர் 1954இல் அமைத்த குழுவின் தலைவர் லூசியஸ் கிளே, ஜெனரல் மோட்டார்ஸின் இயக்குநர் குழுவிலும் இருந்தவர். அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் சார்லஸ் வில்சன், அதே நிறுவனத்தின் முன்னாள் தலைவர். விரும்பியதை முதலில் காட்டி, பிறகு அதைக் கட்டுவதற்கான முடிவுகளிலும் பங்கேற்றவர்கள் இருக்கும்போது, அதைக் கணிப்பு என்பது பொருந்தாது.

பொருளாதார மந்தத்தில் நொந்த மக்களுக்கு நம்பிக்கை கிடைத்ததே என்பது இன்னும் வலுவான கேள்வி. அது உண்மைதான். ஃப்யூச்சராமாவின் நகரும் நாற்காலிகளில் அமர்ந்து குனிந்து பார்க்கும் அந்த முகங்களில் இருக்கும் வியப்பு பொய்யல்ல. ‘நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்’ என்ற வாசகம் கொண்ட வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு வெளியேறியவர்களை ஏமாளிகள் என்று சொல்வது அநியாயம். வேலையும் வீடும் வேண்டும் என்ற அவர்களுடைய ஆசைக்குக் காரையே விடையாக நிறுத்தியது நிறுவனம்தான். பயணம் முடிந்து இறங்கியவர்கள் வந்து நின்றது, முழு அளவில் கட்டப்பட்ட ‘1960’ நாற்சந்தியில். நடப்பதற்கு மேலே தனிப் பாதை. கீழே தெருவில் நின்றவை 1939ஆம் ஆண்டின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்.