மேல்வாரம், குடிவாரம்: ஒரே நிலத்துக்கு இரண்டு உரிமைக்காரர்கள்

காரைக்குடி, சிவகங்கைப் பக்கத்துப் பழைய நில ஆவணங்களில் மேல்வாரம், குடிவாரம் என்ற இரண்டு சொற்கள் வரும். இன்று இவற்றைப் பேச்சில் கேட்பது அரிது. ஆனால் உழுத குடும்பம் அந்த நிலத்திலேயே இருக்குமா, வெளியேறுமா என்பது ஒரு காலத்தில் இந்தச் சொற்களைப் பொறுத்தே இருந்தது.

வாரம் என்றால் பங்கு. அறுவடை முடிந்து களத்தில் நெல் அம்பாரமாகக் குவிந்ததும், முதலில் 'சுதந்திரம்' அளப்பார்கள். இங்கே சுதந்திரம் என்பது விடுதலை அல்ல. காவல்காரர், தச்சர், கொல்லர் போன்றவர்களுக்கு வழக்கப்படி உரிய நெல். மீதியில் அரசருக்கோ ஜமீனுக்கோ போவது மேல்வாரம். பயிர் செய்தவருக்கு நிற்பது குடிவாரம். விகிதம் ஊருக்கு ஊர் மாறும்.

அப்படியானால் நிலம் யாருடையது? இருவருக்கும் அதில் உரிமை உண்டு என்பதே பழைய வழக்கம். மேல்வாரத்தைக் கோயிலுக்குத் தானமாக எழுதி வைத்தாலும் குடியானவர் நிலத்தை விட்டுப் போக வேண்டியதில்லை. நெல்லை அரண்மனைக்கு அளந்தவர் இனிக் கோயிலுக்கு அளப்பார், அவ்வளவுதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'குடிநீங்காத் தேவதானம்' என்ற சொல்லும் இதையே காட்டுகிறது.

வெள்ளையர் ஆட்சியில்தான் சிக்கல் வந்தது. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பின் சிவகங்கைச் சீமை ஜமீனாக்கப்பட்டது. ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகை நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. 1802ஆம் ஆண்டின் 25ஆவது ஒழுங்குவிதி ஜமீன்தாரை நிலத்தின் உடைமையாளர் என்றே குறிப்பிட்டது. களத்தில் ஒரு பங்கு வாங்கியவர் காகிதத்தில் முழு நிலத்துக்கும் சொந்தக்காரர் போல ஆனார். குடிவாரம் என்ன ஆயிற்று என்ற கேள்வி நீதிமன்றங்களில் நூறு ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது.

1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் குடியானவருக்கு நிலையான அனுபோக உரிமையை உறுதி செய்தது. ஜமீனின் சொந்தப் பண்ணை நிலத்துக்கு மட்டும் அது பொருந்தாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையே ஒழித்து, அந்த நிலங்களை ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. 1963இல் இனாம் நிலங்களுக்கும் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. அப்போதும் பட்டா யாருக்கு என்ற வழக்குகளில் பழைய கேள்வியே எழுந்தது: கோயிலுக்குக் கொடுத்தது மேல்வாரம் மட்டுமா, இல்லை 'இருவாரம்' என்று இரண்டுமா?

இது தமிழ்நாட்டில் மட்டும் இருந்த முறையல்ல. ஸ்காட்லாந்திலும் ஒரே நிலத்தில் மேலுரிமைக்காரர் ஒருவர், நிலத்தை அனுபவிப்பவர் ஒருவர் என்று இருவர் இருந்தார்கள். அனுபவிப்பவர் மேலுரிமைக்காரருக்கு ஆண்டுத் தொகை கட்டி வந்தார். அந்த முறை முழுவதுமாக ஒழிந்தது 2004 நவம்பர் 28ஆம் தேதிதான்.

ஆகவே தாத்தா காலத்துப் பத்திரத்தில் 'மேல்வாரம்' என்று மட்டும் இருந்தால், அதை 'நிலம் முழுவதும்' என்று படித்துவிடக் கூடாது. மீதிப் பங்கு உழுதவருடையது.