பிகினித் தீவும் ஒரு தேங்காய்க் கணக்கும்



வகுப்பில் ஒரு கணக்கின் விடை தவறினால் மாணவனுக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். ஆனால், ஒரு கணக்கு தவறியதால் ஒரு தீவின் மக்கள் இரண்டாம் முறையும் ஊரை இழந்தனர். அந்த வரலாற்றை இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளில் ஒன்று பிகினி. அணுகுண்டுச் சோதனைக்காக 1946 மார்ச்சில் அங்கு வாழ்ந்த 167 பேரை அமெரிக்கா வெளியேற்றியது. 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 சோதனைகள் நடந்தன. 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினியில் வெடித்த 'பிராவோ' குண்டு, ஹிரோஷிமா குண்டைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலிமை வாய்ந்தது.

1968இல் அதிபர் ஜான்சன், மக்கள் பிகினிக்குத் திரும்பலாம் என அறிவித்தார். 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் திரும்பின. ஆனால், அவர்களது உடலில் சீசியம்-137 உயர்ந்துகொண்டே போனதால் 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

பிழை எங்கே நேர்ந்தது?

உணவுவழி வரும் கதிர்வீச்சைக் கணிக்கும் முறை எளியது. ஒரு கிராம் உணவில் எவ்வளவு கதிரியக்கம் உள்ளது என்பதை, ஒருவர் உண்ணும் கிராம் அளவால் பெருக்க வேண்டும். அதனுடன் உடலுக்கு ஏற்படும் பாதிப்பைக் குறிக்கும் ஓர் எண்ணையும் பெருக்கினால் விடை கிடைக்கும். முதல் எண்ணைக் கருவி தரும். இரண்டாம் எண்ணை மக்களின் அடுக்களைதான் தரும். திரும்பலாம் என்ற முடிவுக்கு அடிப்படையான மதிப்பீட்டில், தீவினர் உண்ணும் தேங்காயின் அளவு உண்மையைவிடப் பன்மடங்கு குறைவாகக் கொள்ளப்பட்டிருந்தது. தேங்காயோ அவர்களுக்கு உணவும் நீருமாகும்!

மண்ணும் இதற்குத் துணைபோனது. பவழ மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. ஆகவே, அதே வேதியியல் குடும்பத்தைச் சேர்ந்த சீசியத்தைத் தென்னை வேர்கள் உறிஞ்சிக்கொண்டன. பின்னாளில் பொட்டாசிய உரமிட்டு இதைப் பெருமளவு குறைக்கலாம் என அறிவியலார் கண்டறிந்தனர்.

உள்ளூர் உணவை மட்டுமே உண்டு பிகினியில் வாழ்பவர், ஆண்டுக்கு ஏறத்தாழ 15 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைப் பெறுவார் என 1998இல் அனைத்துலக அணுசக்தி நிறுவனம் கணித்தது. இயற்கையாக உலக மக்கள் பெறும் சராசரியோ 2.4 மட்டுமே. சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டுகள். எனவே, 1954இல் விழுந்ததில் கால்பங்குக்கும் குறைவே இன்று எஞ்சியிருக்கும். ஆயினும், அம்மக்கள் இன்னும் தம் தீவில் நிலையாகக் குடியேறவில்லை.

பெருக்கலையும் வகுத்தலையும் நாம் செவ்வனே கற்பிக்கிறோம். "இந்த எண் எங்கிருந்து வந்தது? யாரைக் கேட்டு எழுதினார்கள்?" என்று கேட்கவும் பிள்ளைகளைப் பழக்க வேண்டும் என்பது என் கருத்து. பெருக்கல் சரியாக இருந்தும் விடை தவறலாம் என்பதற்குப் பிகினி ஒரு சான்று. வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நிச்சயம் கேள்வி கேட்பார்கள்.