கொடை, நிலம், அரசு: நூற்றாண்டை நெருங்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதும் முறை

1. நூற்றாண்டு எழுப்பும் கேள்வி

1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2029இல் நூற்றாண்டு காண இருக்கிறது. இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு (1857) அடுத்து அமைந்தது இதுவே. மதுரைப் பல்கலைக்கழகம் வருவதற்கு 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட தலைமுறைகளில் சென்னைக்கு வெளியே பல்கலைக்கழகம் இயங்கிய இடம் சிதம்பரம்தான்.

கல்வி நிறுவனங்கள் ஆண்டு விழாக் காணும்போது மலர் வெளியிடுவதும் வளைவு எழுப்புவதும் நம் வழக்கம். அம்மலர்களில் நிறுவன வரலாறு பெரும்பாலும் கொடை வரலாறாகவே எழுதப்படுகிறது: வள்ளல் வழங்கினார், நிறுவனம் பிறந்தது, வளர்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை இக்கதை உண்மையானது, ஆனால் போதுமானதன்று. இந்நிறுவனத்தின் தலைசிறந்த பணிகள் அது அமைந்த நிலத்தோடு கொண்ட உறவில் விளைந்தவை. அதன் கடும் நெருக்கடிகளோ கொடையாளருக்கும் அரசுக்கும் இடையே தொடக்கத்திலேயே செய்துகொள்ளப்பட்ட ஏற்பாட்டில் வேர்கொண்டவை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஆவணவழி வரலாறே நூற்றாண்டுக்கு உரிய முதற்பணி என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. தொடக்கம்: கொடையும் சட்டமும்

நூற்றாண்டை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது? நிறுவனரான அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கியது 1920இல். அதையடுத்துத் தமிழுக்கும் வடமொழிக்கும் தனித்தனிக் கல்லூரிகள் எழுந்தன. உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். பல்கலைக்கழகம் என்று பெயர் வருவதற்கு முன்பே, ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த பதிப்பாசிரியர் ஒருவரின் நிழல் அங்கே விழுந்திருந்தது. கல்விப் பணியின் தொடக்கமே அளவுகோல் என்றால் நூற்றாண்டு 2020இலேயே வந்துபோயிற்று.

1929ஐத் தொடக்கமாகக் கொள்ளும்போது நாம் ஒரு சட்டத்தின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம் கொடையாளரும் சென்னை மாகாண அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின் வடிவம். அண்ணாமலை செட்டியார் தம் கல்லூரிகளையும் 20 லட்சம் ரூபாயையும் அளித்தார்; அரசு தன் பங்காக மானியம் வழங்க இசைந்தது. பிற ஊர்க் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு மட்டும் நடத்தும் அமைப்பாக இல்லாமல், கற்பித்தலும் ஆய்வும் விடுதி வாழ்வும் ஓரிடத்தில் அமைந்த உறைவிடப் பல்கலைக்கழகமாக அது வகுக்கப்பட்டது. நிறுவனருக்கும் அவர் வழிவந்தோருக்கும் இணைவேந்தர் பதவி உரித்தானது. துணைவேந்தர் நியமனத்திலும் இணைவேந்தரின் பரிந்துரைக்குச் சட்டம் இடமளித்தது.

ஆக, முதல் நாளிலிருந்தே இது தனியார் நிறுவனமும் இல்லை, முழு அரசு நிறுவனமும் இல்லை. பொதுப்பணமும் குடும்ப உரிமையும் ஒரே சட்டத்தில் குடியிருந்தன. கொடை வரலாறு இதில் முதற்பாதியை மட்டுமே சொல்கிறது.

3. நிலம் தந்த அறிவு

உறைவிடப் பல்கலைக்கழகத்தைப் பெருநகரில் அமைக்காமல் சிதம்பரத்தில் அமைத்ததன் விளைவை இரண்டு துறைகளில் நெருங்கிப் பார்க்கலாம்.

முதலாவது இசை. 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரி, சில ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. 1941இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடு, கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கையை இயக்கமாக்கியது. இசைக்கு மொழி வரம்பு கூடாது என்று சென்னை மியூசிக் அகாதெமி தரப்பு மறுத்தது, கல்கியும் டி.கே. சிதம்பரநாத முதலியாரும் தமிழிசைக்காக எழுதினர். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது.

இவ்வியக்கத்தைச் செட்டிநாட்டு அரசரான அண்ணாமலை செட்டியாரின் ஆதரவாக மட்டும் பார்ப்பவர்கள் ஊரை மறந்துவிடுகிறார்கள். தமிழிசை மூவரில் முத்துத் தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் சீர்காழியோடு தொடர்புடையவர்கள். மாரிமுத்தாப் பிள்ளை சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனைச் சேர்ந்தவர். மூவர் ஊர்களும் வளாகத்திலிருந்து அரைநாளில் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. பாடல்கள் எழுத்தில் எஞ்சியிருந்தாலும் பலவற்றின் பழைய மெட்டுகள் வழக்கொழிந்துவிட்டன. அவற்றுக்கு இசைவாணர்கள் மெட்டமைத்ததும், பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு தொகுதிகளாக அச்சிட்டதும் ஆய்வுப் பணியின் பகுதிகளே. பல்லவியை எந்த எடுப்பில் தொடங்குவது, சரணத்தின் சீர்களைத் தாள ஆவர்த்தனத்துக்குள் எப்படிப் பிரிப்பது என்று அடிதோறும் முடிவெடுத்தால்தான் பாடல் பாடத்திட்டத்துக்குள் வரும். டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை, பின்னாளில் எம்.எம். தண்டபாணி தேசிகர் ஆகியோர் கற்பித்த துறை அது.

இரண்டாவது கடல். வெள்ளாறு வங்கக்கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அமைந்த கடல் உயிரியல் உயராய்வு மையம், ஆர்.வி. சேஷையாவின் முயற்சியில் வளர்ந்தது. ஒரு கரையில் கழிமுகம், அருகிலேயே பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடு, எதிரே கடல் என மூன்று சூழல்களும் ஆய்வுக்கூடத்தின் வாசலிலேயே கிடைத்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அம்மையத்து ஆய்வாளர்கள் 18 கடலோரக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, அலையாத்திக் காடுகள் உயிரிழப்பைக் குறைத்தன என்று 2005இல் வெளியிட்டனர். வேறு அறிஞர்கள் அதே தரவை மறுபடியும் பகுத்து, கடலிலிருந்து உள்ள தொலைவும் தரைமட்ட உயரமுமே முதன்மைக் காரணிகள் என்று மறுத்தனர். இந்த விவாதம் உலகளவில் நடந்தது. அதன் தரவு கடலூர் கடற்கரை மீனவர் குடியிருப்புகளிலிருந்து வந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் ஊரைப் படித்தே உலக அறிவில் பங்கேற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. ஆசிரியர்களும் மாணவர்களும்

தமிழ்த்துறையின் வரலாறும் தனிமனிதக் கொடைக்குள் அடங்காது. ஈழத்திலிருந்து வந்த விபுலாநந்த அடிகள் 1931 முதல் 1933 வரை இங்கே பேராசிரியராக இருந்தார். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ் நூலுக்கு இட்டுச்சென்ற சிலப்பதிகார இசையாய்வில் இக்காலத்துக்குப் பங்குண்டு. அவருக்குப் பின் வந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் காலத்தில் மொழியியல் தனித்துறையாக வேரூன்றியது. தேவநேயப் பாவாணரோ 1961இல் மனக்கசப்போடு வெளியேறினார். அறிஞர்களைச் சேர்த்ததைப் போலவே இழந்ததையும் நிறுவன வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.

விடுதி வாழ்வு அரசியலையும் வளர்த்தது. க. அன்பழகனும் இரா. நெடுஞ்செழியனும் இங்கே தமிழ் பயின்றவர்கள். 1965 சனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1971இல் முதலமைச்சர் மு. கருணாநிதிக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கப்பட்டதை ஒட்டி எழுந்த எதிர்ப்பின்போது மாணவர் உதயகுமார் இறந்தார். இரண்டு சாவுகளுக்கும் பொதுநினைவில் கிடைத்த இடம் ஒன்றாக இல்லை. எந்த ஆட்சியில் நடந்தது என்பதைப் பொறுத்து நினைவுகூர்தல் மாறுமானால், அதைச் சமன்செய்யும் கடமை வரலாற்றாசிரியருக்கு இருக்கிறது.

5. உடன்பாடு குலைந்த காலம்

1979இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி, வளாகத்துக்கு வர முடியாத பல்லாயிரவருக்குப் பட்டம் தந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பெரும் வருவாயும் தந்தது. அந்த வருவாயை நம்பி விரிந்த பணியிடங்கள் பின்னர் தாங்க முடியாத சுமையாயின. நிதி நெருக்கடி முற்றி, 2013இல் புதிய சட்டத்தின் வழியாக அரசு நிர்வாகத்தை ஏற்றது. நிறுவனர் குடும்பத்தின் இணைவேந்தர் உரிமை முடிவுக்கு வந்தது. ஆசிரியர்களும் அலுவலர்களும் பெருந்தொகையில் பிற அரசு நிறுவனங்களுக்குப் பணிநிரவல் செய்யப்பட்டனர். 2021இல் மருத்துவக் கல்லூரி மருத்துவத் துறையின் பொறுப்புக்குச் சென்றது. அக்காலத்திலேயே சுற்று மாவட்டக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பல்கலைக்கழகமாகவும் இது மாற்றப்பட்டது. 1929இன் இரு அடிப்படைகளும், குடும்ப உரிமையும் ஒரே வளாக அமைப்பும், ஒரு பத்தாண்டுக்குள் மறைந்தன.

இதை அரசின் பறிப்பு என்போரும் உண்டு, மீட்பு என்போரும் உண்டு. பொதுப்பணத்தைப் பெறும் நிறுவனத்தில் பொதுமக்களுக்குப் பதில்சொல்லும் அமைப்பு முதலிலிருந்தே நலிந்திருந்தது என்பதே என் முடிவு. அந்த வெற்றிடம் 2013இல் வெளிப்பட்டது. அரசு ஏற்றதனால் மட்டும் அது நிரம்பிவிடவில்லை. ஆசிரியர் நியமனமும் ஆய்வு நிதியும் உறுதிப்படும்போதே நிரம்பும்.

6. மறுப்பும் விடையும்

விழாக் காலத்தில் நெருக்கடியையும் சாவையும் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, நூற்றாண்டு விழா நன்றி கூறும் நேரமும்கூட. ஆயினும் நன்றிக்குரியவர் நிறுவனர் ஒருவர் மட்டும் இல்லை. சுரக்குறிப்பு எழுதியவரும், கழிமுகத்துச் சேற்றில் மாதிரி எடுத்தவரும், அஞ்சல்வழிப் பாடம் எழுதியவரும், ஊதியம் நின்ற மாதங்களிலும் வகுப்பெடுத்தவரும் அவ்வரிசையில் உள்ளனர். அவர்கள் பெயர் மலரில் வர வேண்டுமானால் கொடை வரலாறு விரிந்தாக வேண்டும்.

7. செய்யத்தக்கவை

முதலில், பல்கலைக்கழகம் தன் ஆவணங்களுக்கு ஒரு காப்பகம் அமைக்க வேண்டும்: ஆட்சிக்குழுக் குறிப்புகள், பாடத்திட்டங்கள், வினாத்தாள்கள், விடுதிப் பதிவேடுகள், தொலைதூரக் கல்விப் பாடநூல்கள். இரண்டாவது, ஓய்வுபெற்ற ஆசிரியர், அலுவலர், விடுதி ஊழியர் ஆகியோரின் வாய்மொழி வரலாற்றை உடனே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். காலம் தாழ்த்தினால் இது கைகூடாது. மூன்றாவது, தமிழிசைத் தொகுதிகளையும் மொழியியல் வெளியீடுகளையும் கடலாய்வுத் தரவுகளையும் எவரும் படிக்கும்படி இணையத்தில் இலவசமாகத் தர வேண்டும். நான்காவது, வெளியிலிருந்து வரும் வரலாற்றாசிரியர் குழுவிடம் ஆவணங்களைத் தடையின்றி ஒப்படைத்து, தலையீடு இல்லாமல் எழுதச் சொல்ல வேண்டும்.

2029க்குள் இவற்றில் பாதி நிறைவேறினாலும், தமிழ்நாட்டின் பிற பல்கலைக்கழகங்கள் தம் வரலாற்றை எழுதுவதற்கு அது முன்மாதிரியாகும். அண்ணாமலை செட்டியாரின் கொடைக்கு அதுவே மெய்யான மரியாதையும்கூட: அவர் கொடுத்தது பல்கலைக்கழகம், தன்னைப் பற்றிய உண்மையையும் ஆராய்ந்து சொல்லும்போதே எந்த நிறுவனமும் அப்பெயருக்குத் தகுதி பெறுகிறது.