வானிலிருந்து அளந்த ஏரி: செயற்கைக்கோள்வழி ஈரநில ஆய்வின் வரலாறும் வேங்கிக்கால் தரும் பாடமும்

ஆய்வுச்சுருக்கம்

செயற்கைக்கோள் படங்களின்வழி ஈரநிலங்களையும் நிலப்போர்வை மாற்றத்தையும் ஆராயும் முறை இந்தியாவில் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. இம்முறை பதிவுசெய்வது நீர்ப்பரப்பை; தமிழக ஏரியோ நீர்ப்பரப்பை மட்டும் கொண்டதன்று. இவ்வேறுபாட்டை உணராமல் படங்களை வகைப்படுத்தினால், வறண்ட ஏரி ஏரியல்லாத நிலமாகப் பதிவாகிவிடும் என்பதே கட்டுரையின் கருதுகோள். திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஈரநிலம், ஏரி, தொலையுணர்வு, நிலப்போர்வை, படப்புள்ளி, வேங்கிக்கால்.

முன்னுரை

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. ஏரி என்பது நீர் தேங்கும் பள்ளம் மட்டுமன்று. நீர்பிடிப் பகுதி, வரத்துக்கால், கரை, மதகு, கலங்கல், போக்குக்கால், ஆயக்கட்டு ஆகியவை இணைந்த ஓர் அமைப்பே ஏரி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைத் தனியே குறிப்பிடுவது, இவ்வமைப்பைப் பேணுவது ஊராட்சியின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக இருந்ததைக் காட்டுகிறது.

வேங்கிக்கால் இத்தகைய ஏரியொன்றை உடைய ஊர். 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தது. வேளாண் ஊரொன்று நிர்வாக மையமாக மாறியதன் விளைவுகளை அறிய, அம்மாற்றத்திற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்கள் உள்ளன. அவற்றை எவ்வாறு படிப்பது என்பதே இங்கு எழும் வினா.

தொலையுணர்வின் தொடக்கம்

இந்தியத் தொலையுணர்வு ஆய்வின் தொடக்கமாக 1970இல் பி. ஆர். பிஷரோத்தி கேரளத் தென்னைகளின் வாடல் நோயை அறிய மேற்கொண்ட அகச்சிவப்பு வான்படப் பணி கருதப்படுகிறது. 1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட், புவிப்பரப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் காலத்தைத் தொடங்கிவைத்தது. அதன் படப்புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர். 1982 முதல் இத்தொடரில் 30 மீட்டர் பிரிதிறன் கிடைத்தது. 1988 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 72.5 மீட்டர், 36.25 மீட்டர் பிரிதிறன்களில் இந்தியாவுக்குச் சொந்தப் படங்களை வழங்கியது. 2008இல் லேண்ட்சாட் தொகுப்பு கட்டணமின்றித் திறக்கப்பட்ட பின்னரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்டகால மாற்றங்களைத் தடையின்றி ஆராய முடிந்தது. 2015 முதல் சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் பிரிதிறனில் கிடைக்கின்றன.

நீரைக் கண்டறியும் முறையும் அதன் பிழைகளும்

தெளிந்த நீர் அண்மை அகச்சிவப்புக் கதிரைப் பெரிதும் உட்கவர்கிறது. பசுந்தாவரம் அதனை வலுவாக எதிரொளிக்கிறது. இவ்வியல்பைக் கொண்டு 1996இல் மெக்ஃபீட்டர்ஸ், பச்சை, அண்மை அகச்சிவப்பு ஆகிய இரு அலைவரிசைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கும் நீர்க்குறியீட்டை முன்வைத்தார். கட்டடப் பகுதிகள் சில இடங்களில் நீராகப் பிழைபடக் காட்டப்பட்டமையால், 2006இல் சூ, அண்மை அகச்சிவப்புக்கு மாற்றாகக் குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்தி அதனைத் திருத்தினார். நகர விளிம்பிலுள்ள வேங்கிக்கால் போன்ற ஏரிகளுக்கு இத்திருத்தம் இன்றியமையாதது.

எனினும் மூன்று இடர்கள் எஞ்சுகின்றன. முதலாவது, ஆகாயத்தாமரை படர்ந்த ஏரி படத்தில் பசுமை நிலமாகத் தோன்றும். இரண்டாவது, வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் நாள்களில்தான் மேகம் வானை மூடுகிறது. ஒளியியல் உணரிகள் அப்போது பயன்படுவதில்லை. 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1, 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 ஆகியவற்றின் ரேடார் படங்கள் இக்குறையை ஈடுசெய்கின்றன. மூன்றாவது இடர், ஏரியின் வறட்சி. கோடையில் வற்றிய ஏரியின் உட்பகுதி தரிசாகவோ, சீமைக்கருவேலங் காடாகவோ, பயிர்நிலமாகவோ வகைப்படும். ஒரே கோடைப்படத்தைக் கொண்டு ஆராய்பவர் அங்கு ஏரி இருப்பதையே அறியார்.

அளவுகோலும் எல்லையும்

இந்திய ஈரநிலங்களின் செயற்கைக்கோள்வழிக் கணக்கெடுப்பை அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் முதலில் 1992-93 படங்களைக் கொண்டு மேற்கொண்டது. பின்னர் 2006-07ஆம் ஆண்டின் ரிசோர்ஸ்சாட்-1 படங்களிலிருந்து பருவமழைக்கு முன்னும் பின்னுமான நிலைகளை ஒப்பிட்டு 1:50,000 அளவில் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு உருவாக்கப்பட்டு, 2011இல் வெளியானது. அதன்படி நாட்டின் ஈரநிலப் பரப்பு 1.526 கோடி ஹெக்டேர். மொத்த நிலப்பரப்பில் 4.63 விழுக்காடு. தமிழ்நாட்டில் இது 9,02,534 ஹெக்டேர்; 6.92 விழுக்காடு.

இத்தொகுப்பில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்கள் பரப்புகளாக வரையப்பட்டன. அதற்குக் குறைந்த 5,55,557 நீர்நிலைகள் வெறும் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டன. 1:50,000 வரைபடத்தில் 2.25 ஹெக்டேர் என்பது 3 மில்லிமீட்டர் பக்கமுடைய ஒரு சதுரம். எனவே இவ்வெல்லை வரைபடத்தின் அளவோடு பொருந்துவதே தவிர, நீர்நிலையின் பயனோடு பொருந்துவதன்று. ஊரின் குட்டைகளும் தாங்கல்களும் பெரும்பாலும் இவ்வெல்லைக்குக் கீழேயே நிற்கின்றன. மூன்று மீட்டர் அகலமுடைய வரத்துக்கால் 30 மீட்டர் படப்புள்ளியில் தனித்துத் தெரிவதே இல்லை. ஏரி நிரம்புவதோ அக்காலைப் பொறுத்தது. ‘கால்’ என்னும் சொல் தமிழில் நீரோடும் வழியையும் குறிக்கும். வேங்கிக்கால் என்னும் பெயரின் தோற்றம் எதுவாயினும், படத்தில் முதலில் மறைவது காலே என்பது ஆய்வாளர் நினைவில் கொள்ளத்தக்கது.

வரையறையும் சட்டமும்

1971இல் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையில் இந்தியா 1982இல் இணைந்தது. இயற்கையானவை, செயற்கையானவை, நிலையானவை, தற்காலிகமானவை அனைத்தையும் அவ்வுடன்படிக்கை ஈரநிலமாகக் கொள்கிறது. பாசன ஏரிகளான வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் இந்தியாவின் 2017 ஈரநில விதிகள், பாசனத்திற்காகவும் குடிநீருக்காகவும் அமைக்கப்பட்ட நீர்நிலைகளை ஈரநில வரையறையிலிருந்து விலக்குகின்றன. அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், செயற்கைக்கோள் தொகுப்பிலுள்ள 2,01,503 ஈரநிலங்களை 2010 விதிகளின் நெறிகளின்படி பாதுகாக்குமாறு ஆணையிட்டது. இதனால் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரையப்பட்ட பட்டியல் சட்டமதிப்புப் பெற்றது. படத்தை வகைப்படுத்துவோரின் முடிவு ஒரு நீர்நிலையின் பாதுகாப்பையே தீர்மானிக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும். தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லை அளவீட்டை அடிப்படையாகக் கொண்டது. அங்கு வருவாய்த்துறைப் புலப்படமே முதற்சான்று.

வேங்கிக்கால் போன்ற ஏரிகளை ஆராயும் நெறி

மேற்கண்டவற்றால் நான்கு நெறிகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஓராண்டின் படத்தை மற்றோர் ஆண்டின் படத்தோடு ஒப்பிடும்போது பருவமும் அவ்வாண்டின் மழையளவும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் வறட்சி, ஆக்கிரமிப்பாகப் பிழைபட உணரப்படும். இரண்டு, ஏரியின் எல்லையை நீர்ப்பரப்பிலிருந்து வரையாமல் அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றிலிருந்து வரைந்து, அவ்வெல்லைக்குள் நிகழும் மாற்றத்தையே படத்தால் அளத்தல் வேண்டும். மூன்று, வரத்துக்கால்களையும் கலங்கலையும் களத்தில் நடந்து பதிவுசெய்தல் வேண்டும். நான்கு, ஏரி எந்த ஆண்டுகளில் கோடி போயிற்று என்னும் ஊரார் நினைவைக் கேட்டறிந்து படநாள்களோடு பொருத்துதல் வேண்டும்.

முடிவுரை

1972 முதல் இன்றுவரை படப்புள்ளி 80 மீட்டரிலிருந்து 10 மீட்டராகச் சுருங்கியுள்ளது. ஆயினும் பிரிதிறன் பெருகியதால் மட்டும் ஏரி விளங்கிவிடவில்லை. நீரின்றிக் கிடக்கும் மாதங்களிலும் ஏரி ஏரியே. அடுத்த மழைக்கு இடம் வைத்திருப்பதே அம்மாதங்களில் அதன் பணி. அவ்விடத்தைத் தரிசு என்று வகைப்படுத்தும் வரைபடம் அங்குக் கட்டடம் எழுவதற்கான முதற்சான்றாகிவிடும். அடுத்த பெருமழையின் நீர் குடியிருப்புக்குள் புகும். 2024இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த திருவண்ணாமலையின் விரிவாக்கத் திட்டங்கள் செயற்கைக்கோள் படங்களை நம்பியே வரையப்படும் இக்காலத்தில், வேங்கிக்கால் ஏரியின் வறண்ட பரப்பையும் ஈரநிலமாகப் படிக்கும் நெறியை ஆய்வுலகம் முதலில் நிலைநாட்ட வேண்டியுள்ளது.