நைலக்ஸ் புடவையும் கார்த்திகை அகலும்

1974 தீபாவளிக்கு அண்ணன் வாங்கி வந்த நைலக்ஸ் புடவையை அண்ணி ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் கார்த்திகை அகல் ஏற்றும்போது முந்தானை பற்றிக்கொண்டது. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம். ஆனால் உருகிய துணி மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அப்போது நைலக்ஸ் என்றால் எவ்வளவு மோகம்! துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம். அது நெருப்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் சுமார் 260 டிகிரியில் உருகும். தனியாகத் தொங்கும் நைலான் துணியில் தீ பட்டால், எரியும் பகுதி சொட்டாகக் கீழே விழுந்து தீ அதோடு அணைந்துபோவதும் உண்டு. அடியில் பருத்திப் பாவாடை இருந்தால் கதை வேறு. பருத்தி திரியாகிவிடும், உருகிய நைலான் எண்ணெயாகிவிடும். சாட்சாத் அகல் விளக்கேதான். நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தானே உடுத்தினார்கள்?

விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. தயோயூரியா கலந்த பூச்சு கொடுத்தார்கள். அது துணியை இன்னும் சீக்கிரம் சொட்ட வைத்துத் தீயைக் கழற்றிவிடும். திரைச்சீலைக்குச் சரி, உடம்பில் கட்டுகிற துணிக்கு இது என்ன வைத்தியமோ! 1960களில் டூபாண்டே நோமெக்ஸ் என்ற இழையைக் கொண்டுவந்தது. நைலானுக்குப் பங்காளிதான், ஆனால் உருகாமல் கரியாகும். தீயணைப்பு வீரர்களின் உடைக்கு அதுதான். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ-1 கலத்துக்குள் சுத்தமான ஆக்சிஜனில் நைலான் வலைகளும் சேர்ந்து எரிந்து, மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு நாசா கண்ணாடி இழைத் துணிக்கு மாறியது.

மின்சாதனங்களில் வரும் நைலான் பாகங்களில் வேறொரு சிக்கல். பலத்துக்காகக் கண்ணாடி இழை கலந்தால், அந்த இழையே திரியாகிவிடுகிறது! அதை அடக்கச் சிவப்புப் பாஸ்பரஸ் சேர்க்கிறார்கள். தீப்பெட்டியில் குச்சியை உரசுகிறோமே, அந்தப் பட்டையில் இருப்பதும் அதுதான். பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் மேலே கரிப் படலம் உண்டாக்கித் தீயைத் தடுக்கும்.

இத்தனை பாதுகாப்பும் விண்கலத்துக்கும் மின்சாதனத்துக்கும் கிடைத்தது. அண்ணியின் புடவைக்குக் கிடைக்கவில்லை.

இப்போதும் தீபத்தன்று மலையுச்சியில் காடாத் துணித் திரி எரியத் தொடங்கியதும், நூல் புடவையில் அண்ணி வாசலுக்கு வந்துவிடுவார். அகலும் கையுமாக நிற்கும் பேத்தியிடம் முதல் வார்த்தை, "முந்தானையை இழுத்துச் செருகுடி."