வேடர்களின் வேட்டைக்காடு (இலங்கை)

இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த காடுகள், பிந்தென்னப் பகுதியிலும் மாதுறு ஓயா, கல் ஓயா ஆறுகளை ஒட்டியும் பரந்திருந்தன. இவர்கள் தம்மை வன்னியல எத்தோ என்று சொல்லிக்கொள்வர். அக்காடுகளின் பெரும்பகுதி இன்று தேசியப் பூங்காக்களாகவும் நீர்த்தேக்கங்களாகவும் குடியேற்றத் திட்டங்களாகவும் மாறிவிட்டது. பூங்காவுக்குள் வில்லம்போடு வேட்டைக்குப் போகும் வேடர் சட்டத்தின் முன் குற்றவாளி.

இவை ஒருபோதும் கேட்பாரற்ற காடுகளாக இருந்ததில்லை. கண்டி அரசில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில், வேடர்கள் தமக்குள் காட்டுக்கு எல்லை வகுத்திருந்ததையும், எல்லை தாண்டி வேட்டையாடவோ தேன், பழம் எடுக்கவோ ஒரு கூட்டத்துக்கு உரிமை இல்லை என்பதையும் குறித்திருக்கிறார். அம்பு தேவைப்பட்டவர் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவார். வேண்டிய அம்பின் வடிவில் நறுக்கிய இலையையும் அருகில் மாட்டிவிட்டுப் போவார். அந்த அளவுக்குச் செய்து கொடுத்த கொல்லனுக்கு மேலும் இறைச்சி வந்து சேரும். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911-இல் வெளியிட்ட ஆய்வும் இந்த எல்லைகளைப் பேசுகிறது. எல்லையோர மரங்களில் வில்லை வளைத்து நிற்கும் மனித உருவம் செதுக்கப்பட்டது. ஒருவரின் காட்டுக்குள் ஓடிய வேட்டையில் அக்காட்டுக்கு உரியவருக்கும் பங்கு உண்டு. உரிமையும் வழக்காறும் இருந்தன. பத்திரம் மட்டுமே இல்லை.

அந்தப் பத்திரத்தைத்தான் பிரித்தானிய அரசு கேட்டது. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் மறுத்து நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று வைத்துக்கொண்டது. உழுதவருக்கே உரிமை காட்டுவது கடினமாயிற்று. வேட்டையாடியவருக்கு வழியே இல்லை. அதே காலத்தில் வெள்ளை அதிகாரிகளுக்குக் காடு விளையாட்டுக் களமாக இருந்தது. பதுளையில் பணிபுரிந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் மட்டும் 1,400-க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. விலங்குகள் அருகியபின் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. யாலக் காட்டின் ஒரு பகுதி துப்பாக்கி வேட்டைக்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டும் இருந்தது. உணவுக்காக வேட்டையாடியவர்களுக்கு அப்படியோர் ஒதுக்கீடு கிடைக்கவில்லை. இந்த வரலாற்றில் மிகப் பெரிய அநீதி இதுவே. 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டை மேலும் இறுக்கியது.

சுதந்திரத்துக்குப் பின் நிலமே கைவிட்டுப் போயிற்று. 1949-இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டத்தால் வேடர் காடுகள் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்துக்குள் போயின. அடுத்து வந்த பாசன, குடியேற்றத் திட்டமான துரித மகாவலித் திட்டம் காடுகளை வயலாக்கியது. நீரேந்து பகுதிகளைக் காக்கவும் இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவும் 1983 நவம்பர் 9 அன்று மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 58,850 ஹெக்டேர். விலங்குகளுக்குப் புகலிடம் வகுத்த திட்டம், அங்கே வாழ்ந்த மனிதரை வெளியேற்றியது. பல குடும்பங்கள் ஹெனானிகல முதலிய இடங்களில் குடியமர்த்தப்பட்டன. மகாவலிக் குடியேற்றவாசிக்கு வழமையாகக் கிடைத்தது இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுத்தோட்டமும். தேனும் இறைச்சியும் கிழங்கும் தேடிப் பல மைல் நடந்தவர்கள் நெல் விதைக்கவும் கடனுக்கு உரம் வாங்கவும் பழக வேண்டியதாயிற்று. வேடர் கிராமமான தம்பானையின் முதுபெரும் தலைவர் ஊருவரிகே திசாஹாமி இடம்பெயர மறுத்து, 1998-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

1996-இல் வேடர் பிரதிநிதிகள் ஜெனீவாவில் ஐ.நா. பழங்குடி மக்கள் செயற்குழுவின் முன் தம் காட்டுரிமையைக் கோரினர். மட்டக்களப்பின் வாகரை போன்ற இடங்களில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்கள் காட்டுரிமை பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. இவர்களின் காட்டு வழிகள் உள்நாட்டுப் போரினாலும் அடைபட்டன. திசாஹாமியின் மகன் ஊருவரிகே வன்னில எத்தோ, பொல்லெபெத்த – ரம்பகன் ஓயாப் பகுதியில் சோளப் பயிர்ச்செய்கைக்காகக் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து, சூழலியல் அமைப்பொன்றுடன் சேர்ந்து 2020-இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார்.