'தமுலிக்கா' என்னும் இலத்தீன் பெயரடை: தோற்றமும் திரிபும்

ஐரோப்பியர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல்களின் தலைப்புகளே ஓர் இலக்கணச் சிக்கலைத் தாங்கி நிற்கின்றன. சீகன்பால்கு 1716-இல் ஆலே நகரில் அச்சிட்ட நூல் 'கிராமத்திக்கா தமுலிக்கா'. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் 'கிராமத்திக்கா லத்தீனோ-தமுலிக்கா' என வெளிவந்தது. இயேசு சபையாரின் நூலைச் சீர்திருத்த சபையாரின் அச்சகம் வெளியிட்டது என்பதும் குறிக்கத்தக்கது.

'தமுல்' என்னும் அடிச்சொல் போர்த்துக்கீசியர் வழக்கு. 1578-இல் அச்சான தம்பிரான் வணக்கத்தின் போர்த்துக்கீசியத் தலைப்பிலேயே அது உள்ளது. அதனோடு '-இக்குஸ்' என்னும் விகுதி சேர்ந்து பெயரடை ஆயிற்று. இவ்விகுதி '-இகோஸ்' என்னும் கிரேக்க விகுதிக்கு இணையானது. 'கிராமத்திக்கா'வில் இருப்பதும் அதுவே. சீகன்பால்கு முதலெழுத்தை ஒலிப்புடையதாகவும் முனிவர் ஒலிப்பிலாததாகவும் எழுதினர். சாக்சனி வழக்கில் இவ்விரு ஒலிகளும் மயங்கும். இத்தாலியத்திலோ மூச்சொலி கலவாத பல்லொலித் தகரம் உண்டு. வேறுபாட்டிற்கு அவரவர் தாய்மொழியே காரணம் எனக் கருத இடமுண்டு.

இச்சொல் ஆண்பாலில் 'தமுலிக்குஸ்', பெண்பாலில் 'தமுலிக்கா', நடுப்பாலில் 'தமுலிக்கும்' எனத் திரியும். முனிவர் நூலின் முழுத்தலைப்பில் 'தமிழ் மொழியின்' என்னும் பொருளில் 'தமுலிக்கே லிங்குவே' என வருகிறது. மொழியைக் குறிக்கும் பெயர் ஆறாம் வேற்றுமை ஏற்றதால் அடையும் அதனை ஏற்றது. 'லத்தீனோ' மட்டும் தொகையின் முன்மொழியாதலின் திரியாது நின்றது.

தமிழில் நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரம் என அடை மாறுவதில்லை. திராவிட அடைகள் இவ்வாறு இயைவதில்லை எனக் கால்டுவெல் 1856-இல் எடுத்துக்காட்டினார். ஆயினும் இலத்தீன் பெயரடைக்கு நேராக நம் பாடநூல்கள் 'நல்ல' என்னும் குறிப்புப் பெயரெச்சத்தை மட்டும் நிறுத்துவது பொருந்துவதன்று. 'கிராமத்திக்கா' முதலில் 'கலை' என்னும் பெண்பாற் பெயரைத் தழுவிய அடை. அப்பெயர் மறைந்தபின் தானே பெயராகி வேற்றுமை ஏற்றது. நல்லன், நல்லள், நல்லது என்பன பால் காட்டித் தனித்து நின்று 'நல்லதை', 'நல்லதற்கு' என உருபேற்கும் இயல்பே இதற்கு நெருங்கியது. இலத்தீனில் ஒரு சொல் செய்யும் இரு பணிகளைத் தமிழ் இரு சொல்வகைகளுக்குப் பகிர்ந்தளித்துள்ளது. 'பெயரடை' என்னும் ஒற்றைக் கலைச்சொல் இப்பகிர்வை மறைத்துவிடுகிறது.